உபுண்டு மேம்படுத்தற் காலம்: ஓர் ஆய்வு

உபுண்டு லினக்ஸை மேம்படுத்துவது பற்றி ஆராய்வோர் இரண்டு கேள்விகளை எழுப்புவர்: எப்போது, எப்படி? ‘ஏன்?’ என்று கேட்போர் 22.04 பதிப்பிலேயே நிம்மதியாக இருப்பதால் அவர்களை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை.

இத்துறையில் இரு சம்பிரதாயங்கள் உண்டு. ஆர்ச் லினக்ஸார் மர்க்கட நியாயத்தினர். குரங்குக் குட்டி தாயைப் பற்றுவதுபோல் புதுப்பிப்புகளை ஓயாமல் தாமே பற்றிக்கொள்வர்; பிடி நழுவினால் பழி குட்டிக்கு. உபுண்டுவின் எல்.டி.எஸ். எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்பினர் மார்ஜார நியாயத்தினர். பூனை வந்து கவ்வித் தூக்கும்வரை கண்மூடிக் கிடப்பர். டெபியன்காரர் தனி மரபு: ஆயத்தமானதும் வரும் என்பதே அங்கே கொள்கையாதலால் அவர்களிடம் நாள் கேட்பது நாகரிகமன்று.

பூனை எப்போது வரும்? 22.04-க்கு அடுத்த எல்.டி.எஸ். பதிப்பான 24.04 வெளியானது 2024 ஏப்ரல் 25-இல். ஆயினும் 22.04-காரருக்கு அழைப்பு வரவில்லை. முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 வந்த பிறகே அழைப்பது மரபு. ஆக, சமைத்தவர்களே பழைய வாடிக்கையாளருக்குப் பரிமாற நான்கு மாதம் தயங்குகிறார்கள். இதைவிட நேர்மையான அறிவுரை வேறெங்கும் கிடைக்காது. அந்தத் திருத்தப் பதிப்பும் ஆகஸ்ட் 15 என்று குறிக்கப்பட்டு 29-க்குத் தள்ளிப்போனது. வந்த பின்னும், மேம்படுத்தும் கருவியிலேயே பிழை கண்டு அழைப்பைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். ஆதரவு ஐந்தாண்டு என்பதால் 22.04-காரர் 2027 வரை யோசிக்கலாம். எல்.டி.எஸ். அல்லாத இடைப்பதிப்பினருக்கு ஒன்பதே மாதம், பாவம்.

‘எப்படி’ என்பது எளிது: டெர்மினலில் ஒற்றைக் கட்டளை. சிக்கல் நடுவழியில் வருகிறது. நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பு இருக்கட்டுமா, புதியதைப் போடவா என்று கருவி கேட்கும். ஏன் திருத்தினோம் என்பது திருத்தியவருக்கே மறந்திருக்கும். புதியது வேண்டுமென்றால் ஒய் அல்லது ஐ. பழையது போதுமென்றால் என் அல்லது ஓ. இரண்டு விடைக்கு நான்கு எழுத்து ஏன் என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். அழுத்தியவர் எவரையும் இவ்வாய்வாளர் சந்தித்ததில்லை. ஒன்றும் யோசிக்காமல் என்டரைத் தட்டினால் பழையதே நிற்கும். மனித சுபாவம் தெரிந்தவர் யாரோ செய்த ஏற்பாடு.

ஆகவே எமது துணிபு: திருத்தப் பதிப்பு வந்து ஒரு மாதம் கழியட்டும், நாள் சனிக்கிழமையாக இருக்கட்டும். அன்று ராகுகாலம் காலை 9 முதல் 10:30 வரை. பேக்கப் எடுக்க அந்த ஒன்றரை மணி நேரம் தாராளம்.