நிற்கிறவனுக்கே கச்சேரி

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 5,272 பேர் கொள்ளும் மண்டபம். அதில் 1,200க்கும் மேற்பட்ட நாற்காலிகள் தனியார் சொத்து. மண்டபம் கட்டக் காசு போதாமல், நாற்காலி ஒன்று 100 பவுண்டு என்று 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றுத்தான் 1871இல் அதை ஒருவழியாகத் திறந்தார்கள். அன்று வாங்கியவர்களின் வாரிசுகளும், அந்த வாரிசுகளிடம் விலைக்கு வாங்கியவர்களும் இன்றுவரை அவற்றில் உரிமையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்க இன்னும் எண்ணூறு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. இத்தனை முன்யோசனையோடு இடம் பிடித்தவர்களுக்குக் கோடைக்காலத்தில் ஒரு சோதனை வரும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை எட்டு வாரம் அங்கே ‘பிராம்ஸ்’ இசை விழா நடக்கிறது. அப்போது மேடைக்கு நேர் முன்னால், இசை நடத்துநரின் கோட்டில் நூல் பிரிந்திருந்தால்கூடத் தெரிகிற தூரத்தில் நாற்காலியே போடமாட்டார்கள். அன்று காலை எட்டு பவுண்டு கொடுத்து, நின்று கேட்கும் சீட்டு வாங்கியவர்களின் இடம் அது. உள்ளூர் ரசிகர்களோடு, முந்தின இரவு பன்னிரண்டு பேர் படுக்கும் விடுதி அறையில், பல நாட்டுக் குறட்டைகளுக்கு நடுவே மேல்கட்டிலில் கிடந்து எழுந்துவந்த பேக்பேக்கர்களும் அங்கே நிற்பார்கள். என் கட்சி இதுதான்: பெருநகரத்தில் நல்ல இடம் கடைசியில் அவர்களுக்குத்தான் வாய்க்கிறது. அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. ஊர் தன்னுடைய சொந்த ஏழைகளுக்காக எப்போதோ செய்துவைத்த ஏற்பாடுகளுக்குள் கையில் காசில்லாத காரணத்தால் நுழைந்துவிடுகிறார்கள். காசுள்ள பயணியோ, தனக்காகவே ஜோடித்து வைக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு, ஊரைப் பார்த்துவிட்டதாக நினைத்து விமானம் ஏறுகிறார்.

பிராம்ஸ் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1895இல் குவீன்ஸ் ஹால் என்ற மண்டபத்தின் மேலாளர் ராபர்ட் நியூமன், சாதாரண ஜனங்களுக்கு முதலில் எளிய உருப்படிகளாகக் கொடுத்து, காதைப் பழக்கி, மெல்ல மெல்லக் கனமான சங்கீதத்துக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டம் போட்டார். நடத்துநராக இளைஞர் ஹென்றி உட்டைப் பிடித்தார். பணம் போட முன்வந்தவர் ஜார்ஜ் காத்கார்ட் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சுருதியைக் குறைக்க வேண்டும் என்பது. அந்நாளில் இங்கிலாந்தில் வழங்கிய உச்ச சுருதி பாடகர்களின் தொண்டையைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். தன்னிடம் வரவேண்டிய நோயாளிகளைத் தன் பணத்தைச் செலவழித்தே குறைத்துக்கொண்ட மருத்துவர் என்ற வகையில் அவருக்குச் சிலையே வைக்கலாம். நின்று கேட்கக் கட்டணம் ஒரு ஷில்லிங். சாப்பிடலாம், குடிக்கலாம், புகைக்கலாம். யாராவது பாடும்போது மட்டும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 1927இல் பிபிசி இந்த விழாவை ஏற்றுக்கொண்டது. 1941இல் ஜெர்மன் குண்டு விழுந்து குவீன்ஸ் ஹால் எரிந்துபோகவே கச்சேரிகள் ஆல்பர்ட் ஹாலுக்குக் குடிபெயர்ந்தன. மண்டபம் மாறியது, நிற்கும் வழக்கம் மாறவில்லை. ஆக, இன்று ஒரு பேக்பேக்கர் நிற்கும் இடம் விக்டோரியா காலத்துக் குமாஸ்தாவுக்காகவும் கடைப் பையனுக்காகவும் ஒதுக்கப்பட்டது. சுற்றுலாத் துறைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து உதாரணம் இன்னும் அழுத்தமானது. 1939இல் போர் தொடங்கியதும் லண்டனின் அரங்குகளை மூடிவிட்டார்கள். நேஷனல் கேலரியின் ஓவியங்கள் பத்திரமாக வேல்ஸுக்குப் போய்விட்டன. கட்டடம் மட்டும் காலி. பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அங்கே மதிய உணவு வேளையில் கச்சேரி நடத்த அனுமதி கேட்டார். அக்டோபரில் முதல் கச்சேரி. ஏதோ கொஞ்சம் பேர் வருவார்கள் என்று பார்த்தால் கூட்டம் ட்ராஃபல்கர் சதுக்கத்தில் வரிசை கட்டி நின்றது. கட்டணம் இங்கேயும் ஒரு ஷில்லிங்தான். உட்கார இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பசித்தவர்களுக்கு அங்கேயே சாண்ட்விச் விற்றார்கள். குண்டு விழுந்த நாட்களில் நிலவறைக்கு இறங்கி வாசித்தார்கள். 1946 வரை இப்படி 1,698 கச்சேரிகள். ஓவியமே இல்லாத ஓவியக்கூடத்தில், நாற்காலி போதாத அரங்கில் அந்த ஊர் தன் சங்கீதத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இன்று அதே நேஷனல் கேலரிக்குள் யாரும் காசு கொடுக்காமல் நுழைந்து வான்கோவின் சூரியகாந்திக்கு முன்னால் வேண்டிய மட்டும் நிற்கலாம். வெளியே வந்து ஆற்றுப் பக்கம் நடந்தால், பெட்டி பெட்டியாகச் சுழலும் ராட்சத சக்கரம் ஒன்று தேம்ஸ் கரையில் தெரியும். பேக்பேக்கரின் ஒருநாள் சாப்பாட்டுச் செலவு முழுவதையும் வாங்கிக்கொண்டு, 135 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, அரை மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். காலையிலிருந்து கீழே நடந்து பார்த்த அதே ஊரை மேலேயிருந்து சின்னதாகப் பார்ப்பதற்கு அந்தக் காசு.

நம் ஊர்க் கோயில்களில் சிறப்புத் தரிசனம், தர்ம தரிசனம் என்று இரண்டு வரிசை உண்டல்லவா? லண்டனின் பெரிய தேவாலயங்களிலும் அப்படித்தான், அங்கே யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை என்பதைத் தவிர. கிறிஸ்டோபர் ரென் கட்டிய புனித பால் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் 20 பவுண்டுக்கு மேல் சீட்டு. ஆனால் மாலையில் பாடகர் குழு பாடும் ஈவன்சாங் வழிபாட்டுக்கு வருகிறவரிடம் ஒரு பைசா கேட்கமாட்டார்கள். அதே குவிமாடம், அதே பளிங்கு, கூடவே பல நூற்றாண்டுப் பயிற்சியில் தேர்ந்த குழுவின் சங்கீதம். சீட்டு வாங்கியவருக்குக் கட்டடம் மட்டும். வாங்காதவருக்குக் கட்டடமும் கச்சேரியும். வெஸ்ட்மின்ஸ்டர் அபியிலும் இதே கணக்கு. நம் ஊரில் காசு கொடுத்தால் சாமிக்குக் கிட்டே போகலாம். அங்கே காசு கொடுத்தால் சாமி கும்பிடாத நேரத்தில் உள்ளே விடுகிறார்கள். படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து உலாத்தக் கூடாது, முக்கால் மணி நேரம் பக்தியாக இருப்பதுபோல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் செலவு. நாள் முழுக்க நடந்து கால் கடுத்தவருக்கு அந்த உட்காருதலே வரம். பக்தி தானாக வரும்.

அருங்காட்சியகங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் திறந்தபோதே கட்டணம் இல்லைதான். ஆனால் ஆரம்ப காலத்தில் மனு எழுதிக் கொடுத்து, சீட்டு வரும்வரை காத்திருந்துதான் உள்ளே போக முடிந்தது. கனவான்களை உத்தேசித்துச் செய்த ஏற்பாடு அது. சும்மா நுழையும் உரிமையைச் சாதாரண ஜனங்கள் பின்னால் கேட்டுப் பெற்றார்கள். தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது 2001 டிசம்பரில்தான். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி வேடிக்கை இருக்கிறது. கிருஷ்ணா நதிக்கரை அமராவதி ஸ்தூபியின் சிற்பங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. எழும்பூரில் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். லண்டனில் இலவசம். விமானக் கட்டணம் தனி.

உள்ளூர்க்காரனின் வரிப்பணத்தில் வெளியூர்க்காரன் ஓசியில் ஊர் சுற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டாரிடம் மட்டும் கட்டணம் வாங்க வேண்டும் என்ற குரல் லண்டனிலேயே அவ்வப்போது எழுகிறது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் பொருள்களில் பாதி எங்கிருந்து வந்தன என்று யோசித்தால், சொந்தப் பாட்டியின் நகையைப் பார்க்க வந்த பேரனிடம் நுழைவுக் கட்டணம் கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். தவிர, வாசலில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்க்க ஆள் போட்டால் அந்த ஆள்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பிராம்ஸ் விஷயத்தில் ஓசி என்ற பேச்சே எடுபடாது. நின்று கேட்கும் ரசிகர்கள்தான் விழாக் காலம் முழுக்க வாளி ஏந்தி, நலிந்த இசைக்கலைஞர்களுக்கான அறநிலையங்களுக்கு நன்கொடை திரட்டுகிறார்கள். 999 ஆண்டுக் குத்தகைதாரர்கள் வாளியோடு வாசலில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு மணி நேரம் நின்றால் கால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. வலிக்கும். மறுப்பதற்கில்லை. மாலர் சிம்பொனி என்றால் முழங்கால் தனியாக ஒரு சோக இயக்கத்தை வாசிக்கும். ஆனால் நிற்பதில் ஒரு நன்மை இருக்கிறது: தூங்க முடியாது. விலை உயர்ந்த இருக்கைகளில் மெதுவான பகுதி தொடங்கியதும் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்வதை மேல்மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அந்த மேல்மாடியும் நிற்பவர்களுக்கு ஒதுக்கியதுதான். அங்கே பலர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே கேட்கிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. படுத்தபடி பீத்தோவன் கேட்கும் பாக்கியம் எந்த உயர் வகுப்புச் சீட்டிலும் அடங்காது. இன்னொன்று: ஆல்பர்ட் ஹால் எதிரொலிக்குப் பேர்போன இடம். புது இசையமைப்பாளர் தன் படைப்பை இரண்டு முறை கேட்க வேண்டுமென்றால் அங்கே போனால் போதும் என்று பழைய கிண்டல் ஒன்று உண்டு. 1969இல் கண்ணாடி இழையில் செய்த காளான் வடிவத் தட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுத்தான் அதை ஓரளவு அடக்கினார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் வயலினுக்குக் கிட்டே நிற்பவர் முதலில் வயலினைக் கேட்பார், கூரையைப் பிறகு கேட்பார். மேலும், நின்று கேட்பவர்தான் மயங்கி விழுவார் என்றும் இல்லை. 1974இல் ‘கார்மினா புரானா’ நடந்துகொண்டிருந்தபோது மயங்கிச் சரிந்தவர் மேடையில் பாடிய தாமஸ் ஆலன். அந்தப் பகுதி தனக்குப் பாடம் என்று பார்வையாளர்களிலிருந்து ஓர் இளம் பாடகர் எழுந்துபோய் மீதியைப் பாடி முடித்தார்.

பேக்பேக்கர்களுக்கு இத்தனை ரசனை ஏது, அவர்கள் ஊருக்கு வருவதே படம் எடுக்கத்தானே என்றால், அபி சாலை விஷயத்தில் நான் சரணடைகிறேன். பீட்டில்ஸ் நால்வரும் 1969 ஆகஸ்ட் 8ஆம் தேதி நடந்து கடந்த வரிக்குதிரைக் கோடு அங்கே இருக்கிறது. புகைப்படக்காரர் ஏணியில் நிற்க, போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்க, பத்து நிமிடத்தில் எடுத்த இசைத்தட்டு அட்டைப் படம். 2010இல் அந்தக் கோட்டையே பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். படம் எடுத்த காலத்திலிருந்து இன்றுவரை உலகத்து இளைஞர்கள் நாலு நாலு பேராக அதைக் கடக்கிறார்கள். பால் மெக்கார்ட்னியைப் போல் வெறுங்காலோடு நடக்க ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். படம் சரியாக விழவில்லை என்று மறுபடி கடப்பார்கள். பஸ் ஓட்டுநர்கள் பொறுத்துக்கொள்ளும் பொறுமைக்கும் ஏதாவது சின்னம் கொடுத்தால் தகும். ஆனால் முட்டாள்தனத்துக்கும் கட்டணம் வாங்காத ஊர் அது என்பதைக் கவனிக்க வேண்டும். காசு கட்டிச் செய்யும் முட்டாள்தனங்களும் அங்கே உண்டு. மெழுகில் செய்த பிரபலங்களின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வரிசை தினமும் நீளமாக நிற்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இந்த வாதம் இடறுகிறது: அந்தப் பை. பெரிய பைகளை ஆல்பர்ட் ஹாலும் விடாது, அருங்காட்சியகங்களும் விடா. ரயில் நிலையத்தில் வைத்துவிட்டுப் போகலாமென்றால், பையின் ஒருநாள் வாடகை அதன் சொந்தக்காரரின் கச்சேரிச் சீட்டைவிட அதிகம். விடுதியிலேயே பையை விட்டுவிட்டு, பஸ்ஸில் போய் இறங்குவதே உத்தமம். 1.75 பவுண்டு கொடுத்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். லண்டனில் படிக்கவோ சுற்றவோ போயிருக்கும் பிள்ளைக்கு, பாவம், உட்கார்ந்தே கேட்கட்டும் என்று கூடுதலாகப் பணம் அனுப்ப நினைக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பணத்தில் அடிப்பாகம் தடித்த நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.