லான்கெர்னியூ கிழவர் சொன்ன புத்திமதி

வா தம்பி, வா. கழுத்துல கேமரா, கையில டேப்பு. யூ மரத்துக்கு வயசு கேக்கத்தானே வந்தே? வேல்ஸுல எங்க லான்கெர்னியூ ஊருக்கு வர்ற எவனும் சர்ச்சுக்குள்ள இருக்கிற சாமியை விசாரிச்சதே இல்லை. நேரே கல்லறைப் பக்கம் போயி, ‘எத்தனை வயசு?’

4000-ம்பான் ஒருத்தன், 5000-ம்பான் இன்னொருத்தன். அதெல்லாம் வீண் பெருமைன்னு அடிச்சுச் சொல்ற ஆளும் உண்டு. நீ எந்தக் கட்சியில வேணும்னாலும் சேந்துக்க, கேக்க நாதியில்லை. யூ மரத்துக்கு வயசாக ஆக நடுவயிறு உளுத்துக் கொட்டிரும். வளையத்தை எண்ணலாம்னா வளையம் இருக்கணுமே! ஜாதகத்தைக் கறையான் தின்னுட்ட கிழவிகிட்டப் பொறந்த தேதி கேட்ட கதைதான். சுத்தளவு 10 மீட்டருக்கு மேல வரும். வேணும்னா அதை அளந்துக்க.

ஆனா ரொம்பப் பக்தியாக் கைகட்டி நிக்காதே, எனக்குச் சிரிப்பு வந்துரும். அடிமரம் பிளந்து நடுவுல எடம் சும்மாக் கெடக்குதேன்னு, சர்ச்சோட எண்ணெய்த் தொட்டியைக் கொண்டுபோயி அதுக்குள்ளதான் வெச்சிருந்தாங்க எங்க ஆளுங்க. 1990-கள்லதான் எடுத்தாங்க. 2002-ல ராணியோட பொன்விழா வந்துச்சு, பிரிட்டனோட 50 பெருமைமிக்க மரங்கள்ல இதுவும் ஒண்ணுன்னாங்க. அப்புறம் பாரு, தொட்டி வெச்சவன் எவனுக்கும் அந்த ஞாபகமே இல்லை!

இலையைக் கிலையைக் கிள்ளி வாயில போட்டுறாதே. மாடு, குதிரையவே சாச்சுப்புடும். செவப்பாப் பழம் தொங்கும். சதையில வெஷமில்லை, உள்ள இருக்கிற கொட்டையில இருக்கு. இதே இலையிலேருந்துதான் டோசிடாக்செல்னு புத்துநோய் மருந்து பண்ணுறான்னு படிச்சிருப்பே. அதுக்காகக் கஷாயம் போட்டுக் குடிச்சேன்னா, இங்கேயே எடம் பாத்துக் குடுத்துருவோம்.

இன்னொண்ணு. அக்டோபர் 31 ராத்திரி சர்ச்சுக்குள்ள ஒரு குரல் கேக்குமாம். அடுத்து சாகப் போறவங்க பேரை ஒண்ணொண்ணா வாசிக்குமாம். ஷான் ஆப் ராபர்ட்னு ஒரு தையக்காரன், ‘பேயாவது பூதமாவது’ன்னு வீறாப்பாப் போனான், மொதப் பேரே அவன் பேரு. தான் இன்னும் தயாராகலைன்னு வாய்தா கேட்டுப் பாத்தானாம். நடக்கலை, அந்த வருசமே போய்ச் சேந்தான்னு கதை.

நீ பயப்படாதே, அந்தப் பட்டியல்ல எங்க ஊர்க்காரங்க பேருதான் வரும். தைரியமா ஜன்னலோரமா நின்னு கேளு. என் பேரு காதுல விழுந்தா எங்கிட்டச் சொல்ல வேணாம். எனக்குக் கடன் குடுத்தவங்ககிட்ட சத்தியமாச் சொல்ல வேணாம்.