நரம்பு தேடும் வேலை இனி இல்லை

கே: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவுக்கு முன்னால் ‘போர்ட்’ வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கையில்தான் நரம்பு இருக்கிறதே? (கொரட்டூர் வாசகி)

ப: கை நரம்பு மெல்லியது, மருந்து காரமானது. டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து வெளியே கசிந்தால் சதையே புண்ணாகும். போர்ட் என்பது தோலுக்கடியில் புதைக்கும் சின்ன டப்பா. அதன் குழாய் நுனி இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் நிற்கும். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து விழுந்ததுமே கலந்துவிடும். அம்மாவுக்குப் பெரும்பாலும் நோய் இல்லாத பக்கத்தில்தான் வைப்பார்கள்.

கே: பெரிய ஆபரேஷனா?

ப: இல்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இடத்தை மரக்கவைத்தே செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட வசதியாக முன்பக்கம் ஹூக் வைத்த ரவிக்கை நாலு தைத்து வையுங்கள்.

கே: கீமோ ஏற்றும் முதல் நாள் வலிக்குமா?

ப: சுருக்கென்று ஒரு நொடி. நர்ஸ் கையுறையோடு காறை எலும்புக்குக் கீழே தடவிப் பார்ப்பார். நாணயம் அளவு மேடு தட்டுப்படும். அதன் நடுவில் வளைந்த ஹூபர் ஊசி இறங்கும். உப்புநீர் ஏற்றியதும் “வாயெல்லாம் உப்புக் கரிக்குதே” என்று அம்மா சொல்லலாம். பயப்படாதீர்கள், புளிப்பு மிட்டாய் ஒன்று கொடுங்கள். சிவப்பு மருந்து ஏறினால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம்.

கே: வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலடித்தால்?

ப: இந்தப் பதிலை மட்டும் வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கீமோ ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். “கீமோ பேஷன்ட், போர்ட் இருக்கு” என்பதுதான் நீங்கள் பேசும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். குளிர் நடுக்கம், போர்ட்டைச் சுற்றிச் சிவப்பு, கை கழுத்தில் வீக்கம் என்றாலும் இதே அவசரம்தான். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையா? இன்றே வாங்குங்கள். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

கே: குளிக்கலாமா? சமைக்கலாமா?

ப: தையல் ஆறியபின் இரண்டும் செய்யலாம். ஊசி செருகியிருக்கும்போது மட்டும் அங்கே தண்ணீர் படக் கூடாது.

கே: கொரட்டூரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு எப்படிப் போவது?

ப: மின்சார ரயிலில் மூர் மார்க்கெட், எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில், இறங்குமிடம் கஸ்தூரிபா நகர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. திரும்பும்போது அம்மாவை ரயில் நெரிசலில் விடாதீர்கள்.

கே: கீமோ முடிந்ததும் போர்ட்டை மறந்துவிடலாமா?

ப: எடுக்கும்வரை கூடாது. குழாய் அடைக்காமலிருக்க, டாக்டர் சொன்ன இடைவெளியில், பல இடங்களில் நாலு வாரத்துக்கொருமுறை, போய்க் கழுவிவர வேண்டும். தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே எழுதி வையுங்கள். கிழிக்கப்போகும் கை நின்றுவிடும்.