காக்காவைக் கேளுங்கள்

லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி எப்படி 2023இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, காக்கா?
*(வாசகர், மருதமுனை)*

அது 2016இல் எப்படிச் சாம்பியனானது என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், தம்பி. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்ன அணி! 2023 மே 28, கடைசி மேட்ச். வெஸ்ட்ஹாமை 2–1 என்று வென்றுவிட்டு, எவர்டன் தோற்குமா என்று போனைப் பார்த்து நின்றார்கள். எவர்டன் 1–0 வென்றது. அவர்களுக்கு 36 புள்ளி, லெஸ்டருக்கு 34. வென்ற நாளிலேயே இறங்கியாயிற்று.

கோல் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் தப்பலாமா?
*(வாசகர், நிந்தவூர்)*

1937–38இல் மான்செஸ்டர் சிட்டி 80 கோல் போட்டது. முதல் பிரிவில் வேறெந்த அணியும் அத்தனை போடவில்லை. நடப்புச் சாம்பியன் வேறு. ஆனால் வாங்கியது 77. தோணி நிறைய மீன், அடியில் ஓட்டை. இறங்கியது.

சந்தாங்கேணி மைதானத்தில் ஆடும் நம்மட கழகங்களுக்கும் இந்த இறக்கம் வருமா?
*(வாசகர், சாய்ந்தமருது)*

இறங்க ஒரு ஏணி வேண்டாமா? லெஸ்டர் அழுத அந்த மே மாதம் இலங்கைக் கால்பந்துச் சம்மேளனமே ஃபீபாவின் தடையில் கிடந்தது, ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை. காரணம் வெளியார் தலையீடு. பந்தைத் தொடாதவர்கள் செய்த ஃபவுலுக்குச் சிவப்பு அட்டை ஆடுகிறவனுக்கு.

மச்சான் லெஸ்டர் ஜெர்சியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். என்ன செய்யலாம்?
*(வாசகி, கல்முனை)*

2024இல் ஏறினார்கள், 2025இல் திரும்பவும் இறங்கினார்கள். மடிக்க வேண்டாம், கொடியிலேயே கிடக்கட்டும்.