சுருட்டாத ஒயர்

ஒழுங்கு உத்தமமான குணம் என்று பால்யம் முதல் போதிக்கப்பட்டு வந்தவன் நான். ஆனால் ஒழுங்காக இருப்பதே அபாயம் என்று கூறும் சாஸ்திரமும் ஒன்று உலகில் உண்டென்பதை, காஜாங்கில் எங்கள் தாமான் வீட்டுப் போர்ச்சில் ஒரு தச்சுப் பட்டறையை ஸ்தாபித்த பிறகே அறிந்துகொண்டேன். மேசை ரம்பம், டிரில், கிரைண்டர், மரத்தூள் உறிஞ்சும் வாக்குவம் ஆகிய நான்கும் அங்கே சுகவாசம் செய்ய, அவ்விடத்துக்குச் சட்டப்படி உரிமையுள்ள கார் மட்டும் தெருவில் வனவாசம் செய்து வருகிறது.

இந்நாட்டில் தொடர்வீடு கட்டும் மகானுபாவர்கள், போர்ச்சில் நின்று மனிதன் செய்யக்கூடிய காரியம் தீபாவளிக்கு வண்ண விளக்கு போடுவது ஒன்றே என்று தீர்மானித்து, அங்கே ஒரே ஒரு சாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகவே இரும்புக்கடைத் தவுக்கேயிடம் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, உருளையில் சுற்றிய நீள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கினேன். பாசார் மாலாமில் இதில் பாதி விலைக்குக் கிடைக்கும்; அதன் ஒயர் தையல் நூலைவிடச் சிறிது தடிமனாகவும் இருக்கும்.

அந்த உருளையின் முதுகில், பூதக்கண்ணாடி உள்ளவர்களுக்கென்றே, ஒயர் முழுதும் சுற்றியிருந்தால் 1,000 வாட் வரை, முழுதும் அவிழ்ந்திருந்தால் 3,000 வாட் வரை என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்த கணத்தில் எனக்கு உண்டான ஆனந்தத்தை, இல்லற வாழ்வில் பல ஆண்டுகளாக ‘எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள்’ என்ற மந்திரோபதேசத்தைக் கேட்டு வந்தவர்களே உணர முடியும்.

“என்னங்க, இந்த ஒயரைக் கொஞ்சம் சுருட்டி வைக்கக் கூடாதா? வர்றவங்க தடுக்கி விழுந்தா யார் பார்க்கிறது?” என்று என் தர்மபத்தினி வினவியபோது, நான் சாவதானமாக விஞ்ஞானத்தை எடுத்துரைத்தேன். சுருளாக இருந்தால் காந்தமாகிவிடும் என்று தெருவில் சிலர் சொல்வது வெறும் புரளி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே ஒயருக்குள் எதிரெதிராக ஓடுவதால் அந்தக் காந்தசக்தி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அசல் விரோதி உஷ்ணம். மின்சாரம் ஓடும் எந்தச் செம்புக் கம்பியும் சற்றே சூடேறும். சுட்ட தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுத்தோசை ஆறாமலே கிடப்பது போல, உருளையின் உள்சுற்றுகளில் பிறந்த சூடு வெளியேற வழியின்றிப் பெருகி, பிளாஸ்டிக் உறையை இளக்கிவிடும். பிறகு நடப்பதைப் போம்பாதான் வந்து பார்க்க வேண்டும்.

“அப்படியானால் பிளக்கில் பியூஸ் எதற்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் உபயோகிக்கும் மூன்று கால் பிளக்குக்கு மூலமான பிரிட்டிஷ் தரம் 1947-இல் பிறந்தது; ஒவ்வொரு பிளக்கின் வயிற்றிலும் ஒரு பியூஸ் என்பது அதன் விசேஷம். சிவப்பு 3 ஆம்பியர், பழுப்பு 13. ஆனால் அந்தப் பழுப்புப் பியூஸ் பொறுமையில் பூமாதேவி. 16 ஆம்பியரைக் கூட நெடுநேரம் சகித்துக்கொள்ளும், அதற்குள் சுருண்ட ஒயர் வெந்துவிடும். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் நான் வாசலோடு திரும்பிவிடுவேன்.

பியூஸ் போதாதென்று, கைக்கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும் காவல் கருவியும் வேண்டும் என்பது இந்நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதி. அது உயிரோடு இருக்கிறதா என்றறிய மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அமுக்குவது உத்தமம். அமுக்கினால் வீடு முழுதும் இருண்டு, தொலைக்காட்சித் தொடரில் மாமியார் வாய் திறந்த நிலையில் மறைந்துபோவாள். மாலை மழையில் இடி இடித்தாலே சில சமயம் அது தானாகவும் விழுந்துவிடும். அதற்கும் பழி என்மேல்தான்.

கடைசியில் சாக்கெட்டுகளைக் கூட்டிவிடலாம் என்று, முறையான சான்றிதழ் பெற்ற ஒயர்மேன் தம்பி ஒருவரை வரவழைத்தோம். அவர் சுவரில் இடுப்பு உயரத்தில் நான்கு சாக்கெட்டும், ரம்பத்துக்குத் தனி இணைப்பும், ஒயர்கள் காலில் படாமல் மேலே ஓட ஒரு குழாயும் போடலாம் என்று அளந்து குறித்துக்கொண்டார். தரையில் பரந்து கிடந்த ஒயரைக் காட்டி, நான் பின்பற்றும் நெறி சரிதானே என்று, உள்ளே கேட்கும்படியாகவே வினவினேன்.

“சரிதான் அங்கிள், வேலை செய்யறப்போ முழுசா அவிழ்த்துத்தான் ஆகணும். வேலை முடிஞ்சா பிளக்கைப் பிடுங்கிட்டுச் சுருட்டி வைக்கலாமே? கரண்டே ஓடலைன்னா சூடு எங்கிருந்து வரும்?”

உள்ளேயிருந்து பதில் ஏதும் வரவில்லை. மைலோவும் ஒரு தட்டு உளுந்து வடையும் வந்தன. தட்டு நேரே தம்பியிடம் போயிற்று. அதில் என் பங்கும் அடக்கம்.