மூன்றாவது டிவ்வுக்குள் முதல் பெட்டி

உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் 2004-இல் வந்தது. அன்றிலிருந்து, படிவத்தில் பெயர் எழுதும் பெட்டி எங்கே என்று தேடுவதே ஒரு தனி உத்தியோகம். பெட்டிக்கு நிலையான ஐடி இருந்தால் ஒரே வரியில் வேலை முடியும். டெவலப்பர் கொடுத்தால்தானே! சோதனையாளர் எக்ஸ்பாத் எழுதுகிறார்: இரண்டாவது டிவ், அதற்குள் மூன்றாவது டிவ், அதற்குள் முதல் இன்புட். புளியமரத்துக்கு எதிர்வீடு என்று விலாசம் எழுதுகிற மாதிரிதான். மேலே யாரோ ஒரு தள்ளுபடி விளம்பரப் பட்டையைச் செருகுகிறார்கள். மரம் நகர்ந்துவிட்டது, சோதனையெல்லாம் சிவப்பு.

பச்சையாக ஓடுகிறவை இன்னும் வேடிக்கை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ செக்பாக்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிக் விழுந்ததா என்று கேட்க மாட்டார்கள். அதற்கென்றே செலினியத்தில் இஸ்செலக்டட் என்று ஒரு கட்டளை சும்மா கிடக்கிறது, பாவம். பக்கம் மெதுவாக வருகிறதா? ஐந்து விநாடி ஸ்லீப். அப்போதும் தோற்றால் பத்து.

பெட்டியை அதன் லேபிளை வைத்துத் தேடு என்கிறது பிளேரைட் என்ற இன்னொரு சோதனைக் கருவி. நல்ல யோசனை. லேபிள் இல்லாத படிவத்தில் சோதனையாளர் மட்டுமல்ல, திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவரும் திண்டாடுகிறார். டெவலப்பர் ஐயா, எங்களுக்காக வேண்டாம். அவருக்காகவாவது ஒரு லேபிள் போடுங்கள்.