நான்காம் அச்சில் இடைச்செருகல்: ஒரு பாடபேத ஆய்வு

கணினி சொன்னபடி பலகையைச் செதுக்கும் சி.என்.சி. ரூட்டருக்குப் பிறப்பிலேயே மூன்று அச்சு. எக்ஸ் இடவலம், ஒய் முன்பின், இசட் மேல்கீழ். பூஜை அறைக் கதவில் மணியும் மயிலும் குடைய இவையே தாராளம். கட்டில் காலைச் சுற்றிக் கொடி ஓட வேண்டும் என்று ஒருவர் கேட்கும் அன்றுதான் நான்காவதன் தேவை எழுகிறது. அதற்கு ஒயர் இழுக்கும் கலைக்கு உரை கண்டவர் எவரும் என் கண்ணில் படாமையால் இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம் கோவை கணபதியில் ஒரு பட்டறை. எடுத்துக்கொண்ட மெஷின் ஒன்று, எலக்ட்ரீஷியன் ஒருவர், டீ பதினொன்று.

முதலில் பெயராய்வு. ஐ.எஸ்.ஓ. 841 வகுத்த இலக்கணப்படி எக்ஸைச் சுற்றிச் சுழல்வது ஏ, ஒய்யைச் சுற்றினால் பி, இசட்டைச் சுற்றினால் சி. எல்லா எழுத்துக்கும் முன்னால் நிற்க வேண்டிய ஏ, இங்கே இசட்டுக்குப் பின்னால் கைகட்டி நிற்பது ஆராயத்தக்கது. பட்டறையில் இந்த நுணுக்கமெல்லாம் செல்லாது. எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் அது 'ரோட்டரி'தான். "ரோட்டரி மாட்டறோமுங்க" என்று நான் சொன்னதும், ஓனருடைய தகப்பனார், "எந்த ஊரு ரோட்டரிங்க, பிரசிடெண்ட் யாரு?" என்று விசாரித்தார். சொல்லின் வேரைத் தோண்டினால் அவர்மேல் குற்றமில்லை. 1905இல் சிகாகோவில் தொடங்கிய அந்தச் சங்கம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அப்பெயர் பெற்றது.

அடுத்து வரலாறு. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களைக் கொண்டு ஓட்டிக் காட்டிய மில்லிங் மெஷினுக்கு அச்சு மூன்றுதான். மூன்றே ஆண்டில், 1955இல், கோவையில் பி. சபாபதி வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் நிற்கும். இன்றைய கிரைண்டரில் கல் சுற்றும், குழவி இடம்விட்டு நகராது. எது சுற்ற வேண்டும் என்ற கேள்வியைத் தலைகீழாக்குவதே நான்காம் அச்சின் தத்துவம் ஆகலின், அதன் தாய்வீடு கோவை என்பது என் துணிபு. 2005-06இல் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

லேத்துக்காரர்கள் மறுப்பார்கள்: கடைசல் பிடிக்கும்போதே கட்டை சுற்றுகிறதே என்று. சுற்றுகிறது, ஆனால் சாதாரண லேத்துக்கு வேகம் தெரியும், கோணம் தெரியாது. 37 டிகிரி திரும்பி நில் என்றால் நிற்காது. ரோட்டரி நிற்கும்.

இனி பாடபேதம். ரோட்டரியைச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரில் நான்கு ஒயர், இரண்டு காயில். எந்த ஒயருக்கு எது ஜோடி என்பதில்தான் சுவடிக்குச் சுவடி வேறுபாடு. ஒன்றில் கறுப்புக்குப் பச்சை, சிவப்புக்கு நீலம். இன்னொன்றில் சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு நீலம். எங்களுக்குக் கிடைத்த மூலபாடம் சீன மொழியில் இருந்தது. அதன் ஆங்கில உரை சீனத்தைவிடக் கடினம். எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டையும் புரட்டவில்லை. மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு ஒயரின் முனையைப் பல்லால் உரித்து, செம்பை ஒன்றோடொன்று முறுக்கி, தண்டை விரலால் திருகினார். லேசாகச் சுற்றியது. பிரித்து வேறு இரண்டை முறுக்கினார். இம்முறை தண்டு கரடுமுரடாக முரண்டு பிடித்தது. "இதுதானுங்க புருசன் பொண்டாட்டி" என்றார். கையால் சுற்றினால் மோட்டாரே ஜெனரேட்டர். ஒரே காயிலின் இரு முனையும் சேர்ந்திருந்தால், உண்டாகும் கரண்ட் உள்ளேயே ஓடித் தண்டை இழுத்துப் பிடிக்கும்.

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ரெண்டு ஃபேஸை மாற்றிப் போடு என்பது கொங்கு நாட்டில் தாய்ப்பாலோடு வரும் அறிவு. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு அது சரி. மூன்று ஒயரில் எந்த இரண்டை மாற்றினாலும் திசை திரும்பிவிடும். ஸ்டெப்பரின் நான்கு ஒயரில் இரண்டை இடம் மாற்ற ஆறு வழி உண்டு. ஒரே ஜோடிக்குள் மாற்றும் இரண்டு வழியில்தான் திசை திரும்பும். மற்ற நான்கிலும் மோட்டார் நின்ற இடத்திலேயே சாமியாடும். கிணற்று ஞானத்தோடு ஓனர் கை வைத்ததில், எங்கள் மோட்டார் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஆடியது. திருநீறு ஒன்றுதான் பாக்கி.

அதைவிடப் பெரிய சிக்கல், மெஷினில் மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் டிரைவர் நான்காவதாக ஒன்று கிடையாது. ஆகவே ஒய்யின் டிரைவரிலிருந்து மோட்டாருக்குப் போகும் நான்கு ஒயரையும் வெட்டி, நடுவே ஒரு நாலு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்சைச் செருகினார் அண்ணன். இப்பக்கம் தள்ளினால் ஒய், அப்பக்கம் தள்ளினால் ரோட்டரி. இடைச்செருகல் என்று புலவர்கள் பழிப்பது இதைத்தான். இங்கே அது இல்லாவிட்டால் நூலே இல்லை. விகாரம் மூன்றும் இதில் அடக்கம். சுவிட்ச் நடுவில் வந்தது தோன்றல். ஒய், ரோட்டரி ஆனது திரிதல். கரண்ட் இருக்கும்போதே சுவிட்சைத் தள்ளினால், டிரைவர் கெடுதல்.

இந்தத் திரிதல் கணினிக்குத் தெரியாது. இன்னமும் ஒய்யோடுதான் பேசுவதாக நினைத்து அது மில்லிமீட்டரில் கட்டளையிடும். எனவே கட்டையின் சுற்றளவைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரிப்பதால் 1600. பெல்ட் ஆறுக்கு ஒன்று என்பதால், கட்டையைப் பிடிக்கும் சக் ஒருமுறை சுற்ற 9600 பல்ஸ். 100 மி.மீ. கட்டைக்குச் சுற்றளவு 314 சொச்சம், ஆக மில்லிமீட்டருக்கு 30.56. போட்டோம். கால்மாட்டுக் கால்கள் இரண்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தன. தலைமாடு சுவரோரம்தானே, அதற்கு 80 மி.மீ. போதும் என்று வாடிக்கையாளர் மரத்தை மிச்சம் பிடித்திருந்தார். கட்டையை மாற்றினோம், படத்தையும் அதன் சுற்றளவுக்குச் சுருக்கினோம், எண்ணை மாற்ற மறந்தோம். கொடி, இலையெல்லாம் ஒடுங்கி, 288 டிகிரி ஓடி நின்றது. பாக்கி 72 டிகிரி மொட்டை. இரண்டாவது காலும் இறங்கிய பிறகுதான் யாரோ பார்த்தார்கள்.

ரோட்டரி பிரசிடெண்டை விசாரித்த பெரியவர் எழுந்து வந்தார். காலைச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தி, கையாலேயே அரைச் சுற்றுத் திருப்பினார். மொட்டை சுவர்ப்பக்கம் போய்விட்டது.

"இதுக்கு எதுக்குங்க ஒயரு?" என்றார்.